பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடா? குடும்ப சர்வே ஒருங்கிணைப்பாளருக்குச் சில பதில்கள்

கேள்வி: தொண்டு நிறுவனம் ஒன்றில் எட்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். குழந்தைகள், குடும்பங்கள் பற்றிய நாடு தழுவிய வீட்டுவாரி ஆய்வுக்கு எங்கள் மாவட்டத்தின் கள ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். நான்கு குழுக்கள். ஆறு வாரத்தில் களப்பணி தொடங்குகிறது. தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா? பிள்ளையின் வயதைத் தாயே சரியாகச் சொல்லாவிட்டால் என்ன செய்வது? நான்கு குழுவும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. களத்தில் இந்த ஒன்றில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்த வகை ஆய்வுகளில் பெரியது தேசிய குடும்ப நல ஆய்வு. 1992-93இல் தொடங்கியது. மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் நாடு முழுக்க 6,36,699 வீடுகளில் தகவல் திரட்டினார்கள். அதில் தமிழ்நாட்டு வீடுகள் 27,929. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1 கோடியே 85 லட்சம் குடும்பங்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு வீடு அறுநூற்றுச் சொச்சம் வீடுகளுக்காகப் பேசுகிறது. தேர்வான ஒவ்வொரு ஊரிலும் முதலில் எல்லா வீட்டையும் பட்டியல் போட்டு, அதிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகளை எடுத்தார்கள். அந்த 22இல் ஒன்றை மாற்றினால் அறுநூறு குடும்பத்தின் வாயை அடைத்துவிட்டு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் வேறு அறுநூறு பேருக்கே இன்னொரு தடவை மைக்கைக் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு லைன் வீட்டில் கதவு பூட்டியிருக்கிறது. புருஷன், பெண்டாட்டி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளை பாட்டியிடம். பக்கத்து வீட்டில் தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார், கையில் ஏழு மாதக் குழந்தை. பேட்டி சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தார், தடுப்பூசிக்கு யார் கூட்டிப்போனார்கள், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று எதைக் கேட்டாலும் இந்த இரண்டு தாய்மாருக்கும் பதில் வேறு வேறு. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று வீட்டை இப்படி மாற்றினால், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள். பதில் கிடைக்காத வீட்டை ‘ஆள் இல்லை’ என்றே பதியுங்கள். பதில் சொன்ன மற்ற வீடுகளுக்குக் கணக்கில் கூடுதல் கனம் கொடுத்து அதைச் சரிசெய்யும் முறை புள்ளியியலாளர்களிடம் இருக்கிறது. மாற்றிப்போட்ட வீட்டை அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

குறைந்தது மூன்று முறை போகவேண்டும், அதுவும் வேறு வேறு நேரத்தில். மூன்று தடவையும் காலை பத்து மணிக்கே போய் நின்றால் பிரயோஜனமில்லை. நூறு நாள் வேலை நடக்கும் ஊரென்றால் காலை ஏழுக்கு முன்னால், இல்லாவிட்டால் சாயங்காலம். கம்பெனி ஏரியாவில் இரவு ஏழரைக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை. பெண் பணியாளர்கள் இருட்டின பிறகு போகவேண்டியிருந்தால் வண்டி தெருமுனையில் நிற்கவேண்டும். அதற்கான பெட்ரோல் செலவை இப்போதே பட்ஜெட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூட்டிய வீட்டைவிடப் பெரிய ஓட்டை வீட்டுப் பட்டியலில் விழுகிறது. ‘குடும்பம்’ என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். ரேஷன் கார்டை வைத்து எண்ணக்கூடாது. நம் ஊரில் ஒரே உலையில் சோறு பொங்கும் வீட்டில் மூன்று கார்டு இருக்கும். ஒரே கார்டு உள்ள வீட்டில் அண்ணன் மாடியிலும் தம்பி கீழேயும் தனித்தனியாகச் சமைப்பார்கள். ‘எத்தனை குடும்பம்?’ என்று கேட்டால் ‘நாங்க எல்லாம் ஒண்ணுதாங்க’ என்பார்கள். பாசத்தில் சொல்வது, தப்பில்லை. ‘எத்தனை அடுப்பு?’ என்று கேளுங்கள்.

அடுத்து, யார் அந்த வீட்டு ஆள் என்பது. வழக்கமாக வசிப்பவர்களோடு, முந்தின இரவு அங்கே தங்கிய விருந்தாளிகளையும் பெயர்ப் பட்டியலில் எழுதவேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ இருக்கும் பெண்ணும் அவள் கைக்குழந்தையும் இங்கேதான் தவறிப்போகிறார்கள். புகுந்த வீட்டில் ‘அம்மா வீட்டுக்குப் போயிருக்கா’ என்பார்கள். அம்மா வீட்டிலோ ‘அவ எங்க வீட்டு ஆள் இல்லைங்க, கட்டிக்கொடுத்தாச்சு’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் விட்டுப்போவது பிறந்து சில வாரமே ஆன பிள்ளை. ‘நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள்? தொட்டில் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கப் பழக்குங்கள். கொடியில் தொட்டில் துணி காய்ந்தால் திரும்பவும் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

இனி வயது. ஆய்வின் உயிரே இதில்தான் இருக்கிறது. பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கிறதா என்பதை உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வயதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 78 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு ஆண் பிள்ளையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 18 மாதத்துக்குக் கீழ்வரம்பு 76.9, ஆகவே பிள்ளை நலம். அதே பிள்ளைக்கு 21 மாதம் என்று எழுதினால் கீழ்வரம்பு 79.4. இப்போது அவன் வளர்ச்சி குன்றியவன். மூன்று மாதம் தள்ளி எழுதியதில் பிள்ளையின் கதையே மாறிவிட்டது. தமிழ்நாட்டில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதம் தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காவது சுற்றில் 27.1 சதவீதம், ஐந்தாவது சுற்றில் 25.0. இரண்டே சதவீத மாற்றத்தை வைத்து அரசு சத்துணவு பற்றி யோசிக்கிறது. ஒரு மாவட்டத்தின் கணக்கில் அந்த அளவு பிழையைக் கவனக்குறைவான இரண்டு குழுக்களே உண்டாக்கிவிடலாம்.

தாய் சொல்லும் வயதை அப்படியே எழுதாதீர்கள். ‘நாலு வயசு’ என்றால் பாதிப் பேர் சொல்வது மூன்று முடிந்து நான்கு நடப்பதை. நமக்கு வேண்டியது முடிந்த வயது, அதைவிட முக்கியம் பிறந்த தேதி. முதலில் தாய்சேய் நல அட்டையைக் கேளுங்கள், பிறகு பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றாலும் பெரும்பாலான இந்து வீடுகளில் ஜாதகக் குறிப்பு எழுதிய ஒரு நோட்டு பீரோவில் இருக்கும். பிறந்த நாளும் மணியும்கூட அதில் இருக்கும். அதை யாரும் தானாக எடுத்துக் காட்டமாட்டார்கள், நாம்தான் கேட்கவேண்டும். தமிழ் மாதம் மட்டும் தெரிந்தால் ஆங்கில மாதம் இரண்டில் ஒன்று: ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. ‘ஆடிப்பெருக்குக்கு முன்னாலா, பின்னாலா?’ என்று கேட்டால் பிடிபட்டுவிடும். முஸ்லிம் குடும்பங்களில் ரம்ஜானை வைத்துச் சொல்வார்கள். அது வருடத்துக்குப் பத்து பதினோரு நாள் முன்னால் நகரும், ஆகவே ஐந்தாறு வருட ரம்ஜான் தேதிகளைத் தாளில் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். அதே தாளில் உங்கள் மாவட்டத்தின் நினைவுகளும் இருக்கட்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி என்றால் 2023 டிசம்பர் வெள்ளம். விழுப்புரம் பக்கம் என்றால் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல். அப்புறம் அந்தந்த ஊர்க் கோயில் கொடை, தேர். ‘வெள்ளம் வந்தப்போ வயித்துல இருந்தானா, கையில இருந்தானா?’ என்ற ஒரு கேள்வி பல வீடுகளில் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வயதில் இன்னொரு ஆபத்து குழுவிடமிருந்தே வரும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் உயரம், எடை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசிக் கேள்விகள் என்று வேலை ஏறும். நான் பார்த்த ஒரு ஆய்வில் ஒரு குழுவின் தாள்களில் நான்கு வயதுப் பிள்ளைகள் குறைவாகவும் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏராளமாகவும் இருந்தார்கள். திரும்பப் போய்ப் பார்த்தபோது, பலரை ஓரிரு மாதம் மூப்பாக்கி வரம்புக்கு வெளியே தள்ளியிருந்தது தெரிந்தது. அந்தப் பெண்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முடித்த பேட்டிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வைத்திருந்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே கூலி, வேலையோ இரட்டிப்பு. உங்கள் கையில் இருந்தால் நாள் சம்பளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் மேலே பேசி மாற்றப் பாருங்கள். நான்கு குழுவின் நேர்மையையும் முதலில் தீர்மானிப்பது இந்தச் சம்பள முறை.

உயரம் அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலையும் பாதத்தையும் பிடிக்க. தாயை ஒரு கை கொடுக்கச் சொல்லி ஒரே ஆள் அளந்தால் அளவு தப்பும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து. இரண்டுக்கும் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும் என்பதால் எப்படி அளந்தோம் என்பதையும் பதியவேண்டும். உச்சிக் குடுமி, கொண்டை, பூ எல்லாவற்றையும் அவிழ்க்கவேண்டும். எடைக்குக் கொலுசையும் கனமான சட்டையையும் கழற்றச் சொல்லலாம். அரைஞாண் கயிறும் தாயத்தும் அப்படியே இருக்கட்டும். அதைக் கழற்றச் சொன்னால் தாயின் மனம் சுருங்கிவிடும்.

கருவுற்ற, பெற்ற விவரங்களைக் கேட்கும் பகுதிக்கு உங்கள் பயிற்சியில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ‘பிறந்து அழுது, அப்புறம் தவறிய குழந்தை உண்டா? ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் இருந்ததாக இருந்தாலும்?’ என்ற கேள்வியை வேகமாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். தமிழ்நாட்டில் ஐந்தாவது சுற்றின்படி ஆயிரம் பிறப்புக்கு 18.6 சிசு மரணம். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருக்கும்போது உங்கள் மாவட்டத்தில் இரண்டு மரணம் சொல்லப்படாமல் போனாலே படம் மாறிவிடும். ஒரு முறை பயிற்சிப் பேட்டிக்காகப் போன வீட்டில் அந்தப் பெண் இரண்டு பிள்ளை என்றார். கேட்டுவிட்டு எங்கள் பணியாளர் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். மாமியார் அடுப்படிக்கு எழுந்து போனதும் அந்தப் பெண் சொன்னார்: ‘நடுவுல ஒண்ணு, பேர் வைக்கல.’ அந்தச் சும்மா இருத்தலைத்தான் பயிற்சியில் கற்றுக்கொடுக்கவேண்டும். மாமியார் போகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். குழுவில் இன்னொருவர் அவரிடம் வீட்டு விவரம் கேட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போகலாம். குடும்ப வன்முறைக் கேள்விகள் இருந்தால் இது கட்டாயம். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடவேண்டும், அந்தப் பெண்ணின் பாதுகாப்பைவிட நம் எண்ணிக்கை பெரிதல்ல.

பாதுகாப்பு என்றதும் குழுவின் பாதுகாப்பும் ஞாபகம் வருகிறது. முன்பின் தெரியாதவர்கள் தெருவில் வந்து ‘உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளை?’ என்று கேட்பது சாதாரண விஷயமல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்து ஊரார் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆகவே கலெக்டர் அலுவலகக் கடிதத்தின் நகல் காவல் நிலையத்துக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும், ஊராட்சித் தலைவருக்கும் முந்தின நாளே போயிருக்கவேண்டும். முதல் நாள் அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ தெருவுக்குக் கூட வரட்டும், பேட்டி நடக்கும்போது மட்டும் உள்ளே வரவேண்டாம். தடுப்பூசி போட்டவர் முன்னால் ‘தடுப்பூசி போடவில்லை’ என்று யார் சொல்வார்கள்? பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதைக் குழுவினருக்கு அறவே தடை செய்யுங்கள்.

ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கும் ஏரியாவுக்கு அந்த மொழி தெரிந்த பணியாளரை அனுப்புங்கள். பள்ளிக்கூடம் போகும் மகளை மொழிபெயர்க்க வைத்துத் தாயிடம் கர்ப்பம் பற்றிக் கேட்கக்கூடாது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆபீசில் உட்கார்ந்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம். டேப்லெட்டிலிருந்து தகவல் தினமும் இரவு வந்துவிடும், சனிக்கிழமைதோறும் பணியாளர் வாரியாகப் பிரித்து நான் பார்ப்பது இவை: வீட்டுக்குச் சராசரியாக எத்தனை பேட்டிக்குரிய பெண்கள், எத்தனை சிறுபிள்ளைகள், நான்கு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் உள்ள விகிதம், அதேபோல 14-15 வயதுப் பெண்கள், 49-50 வயதுப் பெண்கள், ஏனென்றால் பேட்டிக்குரிய வயது 15 முதல் 49, உயர அளவுகளில் கடைசி இலக்கம் பூஜ்யமாகவோ ஐந்தாகவோ முடிவது எத்தனை. ஒழுங்காக அளந்தால் இந்த இரண்டு இலக்கமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான் வரும், பாதிக்கு மேல் வந்தால் கண்ணால் மதிப்பிட்டு எழுதுகிறார்கள். பேட்டி எத்தனை நிமிடம் எடுத்தது என்பதையும் பாருங்கள்.

மீதிப் பாதிக்குக் களத்துக்குத்தான் போகவேண்டும். குழு போய் வந்த வீடுகளில் சிலவற்றை நீங்களே தேர்ந்தெடுங்கள், சூப்பர்வைசர் சொல்லும் வீடுகளுக்குப் போகாதீர்கள். ஐந்தே கேள்வி போதும்: யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், வீட்டில் யார் யார், பிள்ளைகளின் பிறந்த தேதி, பிள்ளையைப் பலகையில் வைத்து அளந்தார்களா. ‘ஆள் இல்லை’ என்று பதிந்த வீடுகளையும் அந்த வரிசையில் சேருங்கள்.

முதல் வாரம் நான்கு குழுவையும் ஒரே ஒன்றியத்துக்குள் வைத்து, தினமும் ஒரு குழுவோடு சாயங்காலம் வரை இருங்கள். அன்று முடித்த பேட்டிகளை அவர்களோடு உட்கார்ந்து, அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே பாருங்கள். ஒரு தேதியில் சந்தேகம் என்றால் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம், வீடு நாலு எட்டில்தான் இருக்கும்.