ரூட்டர் சிக்னலில் ஓடுமா பேட்டரி இல்லாத சென்சார்?

கேள்வி: எங்கள் குளிர்பதனக் கிடங்கில் வைஃபை ரூட்டரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வெப்பநிலை சென்சார் வைக்க வேண்டும். அந்த சிக்னலிலிருந்தே மின்சாரமும் எடுத்து, அதிலேயே தகவலும் பெற்று, பேட்டரி இல்லாமல் அதை இயக்க முடியுமா?

பதில்: வைஃபையை நம்பி இறங்க வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்கும் தொழில்நுட்பம் உண்மையானது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் தினமும் அதைத்தான் செய்கிறது.

ரூட்டர் வெளியிடுவது சுமார் 100 மில்லிவாட் என்று வையுங்கள். அது நாலாபுறமும் பரவி 5 மீட்டர் வருவதற்குள், சிறிய ஆன்டெனாவுக்கு அரை மைக்ரோவாட்கூடத் தேறாது. தகவலைப் படிக்க இதுவே தாராளம்; வைஃபை சிப் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் படித்துவிடும். மின்சாரம் எடுப்பதுதான் சிக்கல். அலையை நேர்மின்சாரமாக்கும் டையோடு இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. போதாததற்கு, ரூட்டர் இடைவிடாமல் அலை அனுப்புவதும் இல்லை.

ஃபாஸ்டேக் ரீடர், அதாவது சுங்கச்சாவடியில் டேக்கைப் படிக்கும் கருவி, 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. 4 வாட் வரை வெளியிட அனுமதி உண்டு. ஆன்டெனாவும் ஒரே திசையை நோக்கியது. அதே 5 மீட்டரில், தடை ஏதும் இல்லாவிட்டால், 100 மைக்ரோவாட்டுக்கு மேல் கிடைக்கும்.

அதைவிட அழகானது ரீடரும் டேக்கும் பேசிக்கொள்ளும் முறை. ரீடர் அலையை நடுநடுவே சிறு துளி நேரம் மட்டும் தணிக்கும். இரண்டு தணிவுகளுக்கு நடுவே குறைந்த நேரம் என்றால் 0, அதிக நேரம் என்றால் 1. ஆகவே எந்தத் தகவல் போனாலும் மின்சார வரத்து பெரிதாகக் குறையாது; அந்தச் சிறு இடைவெளியை டேக்கில் மின்சாரத்தைச் சற்று சேமித்து வைக்கும் கெபாசிட்டர் சமாளித்துவிடும். டேக் பதில் சொல்லும்போதும் ரீடர் அலையை நிறுத்துவதில்லை. அதைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்புவதுதான் டேக்கின் பதில். தனியாக டிரான்ஸ்மிட்டரே தேவையில்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? இதே அலைவரிசையில் வேலை செய்யும், பேட்டரி இல்லாத வெப்பநிலை டேக்குகள் விற்பனையில் இருக்கின்றன. சென்சாருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், வெறும் அடையாள டேக்கைவிட எட்டும் தூரம் குறையும். 2 மீட்டருக்குள் ரீடரை வைக்கத் திட்டமிடுங்கள். கிடங்கில் இரும்பு ரேக் இருந்தால் உலோகத்தின்மேல் ஒட்டுவதற்கென்றே வரும் டேக்கைக் கேட்டு வாங்குங்கள்; சாதாரண டேக்கை ரேக்கில் ஒட்டினால் அருகில் வைத்தும் படிக்காது. மொத்தமாக வாங்குமுன் ஓரிரு டேக்கைக் கிடங்கிலேயே, சரக்கு நிறைந்திருக்கும் நாளில் சோதித்துப் பாருங்கள்.