பக்கத்துல பெட்ரோல் பங்க் இருந்தா போர் தண்ணில பெட்ரோல் கலந்திருக்கான்னு எப்படிங்க பாக்குறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஹைவே ஓரமா புதுசா பங்க் வருது, எங்க போர் 700 அடி, வருசத்துக்கு ஒருக்கா தண்ணி டெஸ்ட் குடுத்தா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. எனக்கு பர்கூர், தண்ணி சாம்பிள் எடுக்குறதுதான் வேலையே.

பெட்ரோல் தண்ணிய விட லேசு. டேங்க்கோ பைப்போ கசிஞ்சா மண்ணுல எறங்கி மேல்மட்டத் தண்ணி மேல மெதக்கும், நீங்க 600, 700 அடிலேர்ந்து மோட்டர் போட்டு இழுக்குறதுல ஆரம்பத்துல அது பெரும்பாலும் மாட்டாது, ரிப்போர்ட் நல்லபடியா வரும், நீங்களும் நிம்மதியா குடிச்சிட்டு இருப்பீங்க. அதனால பக்கத்துல இருக்குற ஆழமில்லாத கெணத்ததான் மொதல்ல பாக்கணும்.

பங்க் எடத்துல கண்காணிப்பு போர் (கசிவு இருக்கான்னு பாக்க மட்டும் போடுற போர்) போட்டா ஓட்டை வெச்ச பிவிசி பைப் எறக்குவோம், அந்த ஓட்டை தண்ணி மட்டத்துக்கு மேலயும் கீழயும் இருக்கணும், இல்லன்னா மெதக்குறது உள்ள வராது. அப்புறம் டேப்புல ப்ரோப் (எண்ணெயா தண்ணியான்னு சத்தத்துல காட்டுற கருவி) எறக்குனா எண்ணெய் தட்டுறப்ப விடாம கூவும், தண்ணி தட்டுனா விட்டு விட்டு பீப் அடிக்கும், ரெண்டுக்கும் நடுவுல உள்ள அளவுதான் எண்ணெய் எவ்ளோ கனமா நிக்குதுங்கறது. மேட்டுப்பக்கம் ஒண்ணு பள்ளத்துப்பக்கம் ரெண்டுன்னு போடுறது வழக்கம், ஆனா நம்ம ஊரு பாறைல தண்ணி வெடிப்பு போற போக்குல ஓடும், பங்க்க ஒட்டுன கெணறு நல்லாருக்க தள்ளி இருக்குறது நாறவும் வாய்ப்பிருக்கு.

கெணத்துல வானவில் கலர்ல படலம் தெரிஞ்சா உடனே பதறாதீங்க. ஒரு குச்சிய விட்டு கலைங்க. சில்லு சில்லா ஒடைஞ்சு அப்படியே நின்னா இரும்பு பாக்டீரியா, மறுபடி ஒண்ணா கூடுனா எண்ணெய்.

லேப்ல நம்ம மாவட்டத்துல எல்லாரும் குடுக்குற ஃப்ளோரைடு, உப்பு டெஸ்ட்ல இது தெரியாது. பெட்ரோல்ல இருக்குற பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் இந்த நாலும் பாக்கணும்னு கேட்டு வாங்குங்க. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணில பென்சீனுக்கு வெச்சிருக்குற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான், பென்சீன் வாசனை மூக்குக்கு எட்டுற அளவு அதுக்கு ரொம்ப மேல, அதனால நாத்தம் இல்லன்னா சுத்தம்னு அர்த்தமில்ல. கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல புடிச்சிட்டு வராதீங்க (நெறைய பேரு அப்படித்தான் வராங்க), லேப்ல குடுக்குற 40 மில்லி கண்ணாடி குப்பில தளும்ப நெரப்பி மூடி, கவுத்தா ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது, ஐஸ் பெட்டில வெச்சு கொண்டு போகணும். கோடைல ஒருக்கா, மழை முடிஞ்சு மட்டம் ஏறுனதும் ஒருக்கா எடுங்க, மண்ணுல ஒட்டிக்கிட்டு இருந்தது அப்பதான் கெளம்பும்.

பெட்ரோல் நாத்தம் வந்தா காய்ச்சிக் குடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ஆவி பூரா வீட்டுக்குள்ளதான் சுத்தும்.

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020ல போட்ட விதிப்படி உள்ளூர் சட்டப்படி குடியிருப்புப் பகுதின்னு அறிவிச்ச எடத்துக்கும் புது பங்க்குக்கும் 50 மீட்டர் வேணும், முடியாத எடத்துல கூடுதல் பாதுகாப்போட 30 மீட்டருக்கு குறையக் கூடாது, அத மொதல்ல டேப் புடிச்சு அளந்துடுங்க. டேங்க்ல இன்னும் எண்ணெய் எறங்கலன்னா இந்த வாரமே கெணத்துலயும் போர்லயும் ஒரு சாம்பிள் எடுத்து ரிப்போர்ட்ட பத்திரமா வெச்சுக்கங்க, பின்னால எப்பவாவது கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம மனு குடுக்குறப்ப "இது முன்னாடியே இருந்துச்சு"ன்னு யாரும் கை காட்ட முடியாது.