மைல்ஸ் ஸ்டாண்டிஷ் காட்டில் கூடாரம்: கேள்வி பதில்

மாசசூசெட்ஸின் பிளிமத், கார்வர் ஊர்களில் விரிந்து கிடக்கும் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் மாநில வனத்துக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவை.

ஜூலையில் நாலு குடும்பம் போகிறோம். ஜூனில் பதிவு செய்தால் போதுமா அண்ணா?

போதாது. பதிவு நாலு மாதம் முன்பே திறந்துவிடும். ஜூலை சனி, ஞாயிறு வேண்டுமென்றால் மார்ச்சிலேயே உட்காருங்கள். மாநிலத்தில் குடியிருப்பவருக்குக் கட்டணம் வெகு குறைவு. வெளிமாநில நண்பர் பெயரில் போடாதீர்கள்.

போன வருடம் பார்த்த குளத்தில் கரை அகலமாக, தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஓடை ஏதும் அடைத்துக்கொண்டதா?

ஓடையே கிடையாதுங்க. பனியாறு பின்வாங்கியபோது மணலில் புதைந்து நின்ற பனிக்கட்டிகள் உருகி விட்ட பள்ளங்கள்தான் இந்தக் குளங்கள். நிலத்தடி நீர் ஏறினால் குளமும் ஏறும், இறங்கினால் இறங்கும். அப்படி வெளிப்படும் கரையில்தான் பிளிமத் ஜென்ஷியன் போன்ற அரிய செடிகள் முளைக்கும். அதனால் கண்ட இடத்தில் இறங்காமல், காலேஜ் குளத்தில் குளிக்க ஒதுக்கிய கரைக்குப் போங்கள். பிரியாணி அண்டாவைக் குளத்தில் கழுவுவதும் வேண்டாம். வெளியேற வழியில்லாத தண்ணீர், எண்ணெய் அங்கேயே நிற்கும்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். கொசு, உண்ணி என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் வேண்டாம், ஆனால் அசட்டையும் கூடாது. லைம் நோயைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் ஜூலை வரை அதிகம். அம்மாவைப் புடவையில் புதருக்குள் கூட்டிப்போகாதீர்கள். முழுக்கால் சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள் செருகச் சொல்லுங்கள். உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்து துணிக்கு மட்டும். தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சிவிரட்டி. இரவு அக்குள், முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டாத வேலை.

கொசுவைத்தான் நான் இன்னும் பெரிதாக எண்ணுவேன். கொசு பரப்பும் ஈஇஇ (EEE) என்ற மூளைக்காய்ச்சல் அபூர்வம், ஆனால் கொடியது. 2024 ஆகஸ்டில் பிளிமத்தில் பொதுத் திடல்களையே பொழுது சாய்ந்தபின் மூடினார்கள். கிளம்பும் முன் மாநிலச் சுகாதாரத் துறையின் அபாய வரைபடத்தைப் பாருங்கள்.

வீட்டில் வெட்டிய மரத்தை விறகாகக் கொண்டுவரலாமா?

கூடாது. மரத்தைத் துளைக்கும் எமரால்டு ஆஷ் போரர் போன்ற வண்டுகள் விறகோடு பயணம் போகும். காட்டுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள்.

பீர்?

மாநிலப் பூங்காக்களில் மது கிடையாது. மோர் எடுத்துவாருங்கள்.

பையனுக்கு 15 வயது. மீன் பிடிக்க உரிமம் வேண்டுமா?

வேண்டும். 15 முதல் 17 வரை இலவசம்தான், ஆனாலும் எடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் ராத்திரி குளிருமா?

பள்ளமான இடங்களில் நன்றாகவே குளிரும். கனமான குளிர்காற்று அங்கே இறங்கித் தேங்கிவிடும். மற்ற இடம் இதமாக இருக்கும்போதே அங்கே உறைபனி விழுவதுண்டு. பெரியவர்களுக்கு அடியில் விரிக்கத் தடிமனான மெத்தை கொண்டுபோங்கள். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.