இரண்டாவது கீப்பரின் அக்காவுக்கு

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் ஊர் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். தம்பிக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்தே கோல்கீப்பர். இப்போது சென்னையில் லீக் ஆடும் ஓர் அணியில் இரண்டாவது கீப்பராக இருக்கிறான். போன சீசன் முழுக்க இரண்டே ஆட்டம்தான் கிடைத்தது. அதில் இரண்டாவது ஆட்டத்தில், மழையில், ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கி அடித்த லேசான ஒரு கிராஸைப் பிடித்து நழுவவிட்டான். அந்த ஒரு கோலில் அணி தோற்றது. அதிலிருந்து போனில்கூடச் சரியாகப் பேசுவதில்லை. "எனக்கு இது வேண்டாம்க்கா" என்கிறான். சவுதியில் மீன்பிடிப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள், அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. ஐந்தடி பதினொரு அங்குலம் கீப்பருக்குப் போதாது என்றும் சிலர் சொல்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பூட்ஸ், கிளவுஸ் எல்லாம் என் சம்பளத்தில்தான். அதனால் எம்.எஸ்சி. நர்சிங் சேருவதை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன், அது பரவாயில்லை. கோல்கீப்பர் என்பது நம்பி இறங்கக்கூடிய தொழில்தானா? இன்னும் எத்தனை நாள் பார்ப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத அக்கா, குமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த கிராஸ் விஷயத்தைப் பேசிவிடலாம். நானும் கல்லூரியில் மூன்று வருடம் கோலியாக நின்றவன். ஓர் அரையிறுதியில், காய்ந்த தரையில், யாரும் இடிக்காமல், உருண்டு வந்த பந்தை இரண்டு காலுக்கும் நடுவே விட்டேன். அன்று இரவு விடுதி மெஸ்ஸில் இட்லி வைத்தவர், "தம்பி, தட்டையாவது ஒழுங்கா பிடிப்பியா?" என்று கேட்டார். மொத்த மெஸ்ஸும் சிரித்தது. அடுத்த ஆட்டத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் சொன்னேன். என் கால்பந்து அத்தோடு முடிந்தது. ஆகவே இந்தப் பதிலை, ஓடிப்போன ஒருவன் எழுதுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நின்ற ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தின் கீப்பர் ஸ்காட் கார்சன். உங்கள் தம்பியின் அதே 19 வயதில், 2005 ஏப்ரலில், ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் கால் இறுதியில், லிவர்பூலுக்காக இத்தாலியின் யுவென்டஸை எதிர்த்து ஆடினார். எதிர் முனையில் நின்றவர் பஃபோன், இத்தாலியின் பெயர்பெற்ற கீப்பர். லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது. யுவென்டஸின் அந்த ஒரு கோலைக் கார்சன் தடுத்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் லிவர்பூல் கோப்பையையும் வென்றது, இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்சனுக்கும் பதக்கம் கிடைத்தது.

அப்புறம் வந்தது 2007 நவம்பர் 21. வெம்ப்ளி மைதானம், நல்ல மழை. குரோஷியாவோடு டிரா செய்தாலே இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2008க்குப் போய்விடும். கார்சனுக்கு வயது 22. நட்பு ஆட்டங்களை விட்டுவிட்டால், நாட்டுக்காக அவர் ஆடும் முதல் ஆட்டம் அது. எட்டாவது நிமிடத்தில் குரோஷியாவின் கிராஞ்சார் தூரத்திலிருந்து அடித்த பந்து, கார்சனுக்கு முன்னால் தரையில் குத்தி, கையில் பட்டு, உள்ளே போனது. இங்கிலாந்து 2-3 என்று தோற்றது. மறுநாள் மேனேஜர் மெக்ளாரனின் வேலையே போனது. மொத்த நாடும் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்த தவறு. உங்கள் தம்பியின் ஆட்டத்தைப் பார்க்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்? இருநூறு? அதில் பாதிப் பேர் மழைக்குக் கூரை தேடி ஓடியிருப்பார்கள்.

கார்சன் நாட்டுக்காக ஆடியது மொத்தம் நான்கே ஆட்டம். ஆனால் கையுறையைக் கழற்றவில்லை. வெஸ்ட் பிராம், துருக்கியில் பர்சாஸ்போர், விகன், டெர்பி என்று ஊர் ஊராகப் போய் நின்றார். 2019இல் மான்செஸ்டர் சிட்டி அவரை மூன்றாவது கீப்பராக எடுத்துக்கொண்டது. அங்கே ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடத்தில் அவர் ஆடியது இரண்டு ஆட்டம். 2021இல் நியூகாசிலுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அடித்தவரே மறுபடி உள்ளே தள்ளிவிட்டார், அது வேறு கதை. 2023இல் சிட்டி சாம்பியன்ஸ் லீக் வென்றபோது, முதல் பதக்கத்துக்கு 18 வருடம் கழித்துக் கார்சனுக்கு இரண்டாவது பதக்கம். உங்கள் தம்பிக்கு ஒரே சீசனில் கிடைத்த இரண்டு ஆட்டம், அவருக்கு ஆறு வருடத்தில் கிடைத்தது.

நீங்கள் கேட்ட தொழில் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் பாய்வதும் பிடிப்பதும் மட்டும் தெரியும். உள்ளே பார்த்தால் முக்கால்வாசி காத்திருப்பு. கோல் அடிக்க முன்னால் ஆடும் ஃபார்வர்டு ஒருவன் சரியாக ஆடவில்லை என்றால் 70ஆவது நிமிடத்தில் இன்னொருவனை இறக்கிப் பார்ப்பார்கள். கீப்பரை அப்படி யாரும் மாற்றுவதில்லை. முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், சிவப்பு அட்டை விழ வேண்டும், இல்லையென்றால் தொடர்ந்து சொதப்ப வேண்டும். அவன் விழுந்தால்தான் இவனுக்கு இடம். அந்த அவன்தான் தினமும் காலையில் இவனுக்குப் பந்து எறிந்து கொடுத்துக் கூடவே பயிற்சி செய்கிறவன். இதை 19 வயதில் மனதுக்குள் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருப்பது லேசான காரியம் இல்லை. தம்பி போனில் பேசாததற்கு அந்த கிராஸ் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அர்ஜென்டினாவின் கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸைத் தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. 2022 உலகக் கோப்பை இறுதியில், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அவர்தான். 17 வயதில், 2010இல், அர்ஜென்டினாவிலிருந்து இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தவர். பத்து வருடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வென்ஸ்டே, ராதரம், வுல்வ்ஸ், ஸ்பெயினில் கெட்டாஃபே, ரெடிங் என்று ஆறு கிளப்புகளுக்கு இரவலாகப் போய் வந்தார். 2020 ஜூனில் முதல் கீப்பர் லெனோவுக்கு முழங்காலில் அடிபட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு 27 வயது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, மறுவருடம் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா, அதற்கடுத்த வருடம் உலகக் கோப்பை.

இதைச் சொல்லி, பொறுத்திருந்தால் உலகக் கோப்பை வரும் என்று உங்களுக்கு ஆசை காட்டப் போவதில்லை. பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஆர்சனலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆர்சனல் சம்பளம் கொடுத்தது. சென்னையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு அக்கா சம்பளம் கொடுக்கிறாள்.

நம் நாட்டு நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்திய அணிக்காக நின்ற கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார், 2016இல் ஐரோப்பியக் கிளப்புகளின் இன்னொரு போட்டியான யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடினார். ஆனால் அங்கே பெரும்பாலும் பெஞ்சுதான். 2017இல் பெங்களூருவுக்குத் திரும்பிய பிறகுதான் வாரா வாரம் ஆட்டம் கிடைத்தது. 2019இல் அர்ஜுனா விருதும் வந்தது. ஆட்டம் கிடைக்கிற இடத்துக்கு அவர் நகர்ந்தார் என்பதைக் கவனியுங்கள். அதே சமயம், 2025இல் ஒப்பந்தச் சிக்கலில், நாட்டின் முதன்மைக் கிளப் போட்டியான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனே குறித்த நேரத்தில் தொடங்கவில்லை. முதல் கீப்பர்களே அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தியாவில் கிளப் சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் இறங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் இல்லை என்பதுதான்.

ஆனால் கிளப் மட்டுமே வழி இல்லை. பீட்டர் தங்கராஜ் என்ற பெயரைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், தெரிகிறதா என்று. ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். ஃபார்வர்டாகத் தொடங்கிக் கீப்பராக மாறியவர். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ஆட்டத்துக்கு அடியில் ஒரு வேலை இருந்தது அவருக்கு. இன்றைக்கும் ராணுவம், ரயில்வே, சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., வங்கிகள், அரசுத் துறைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும்போது கீப்பரும் எடுத்தாக வேண்டும். இடம் குறைவு. ஆனால் வரிசையில் நிற்பவர்களும் குறைவு, தெருவில் பத்துப் பையன்களைக் கூப்பிட்டால் ஒன்பது பேர் ஃபார்வர்டு என்பார்கள்.

உயரம் பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். குர்பிரீத் ஆறரை அடி. உயரமானவனுக்கு வேலை சுலபம். ஆனால் சுவிட்சர்லாந்தின் யான் சோமர் ஆறடிதான், 2021இல் யூரோ கோப்பையில் எம்பாப்பேயின் பெனால்டியைத் தடுத்து பிரான்ஸை வீட்டுக்கு அனுப்பினார். ஓர் அங்குலக் குறைக்காக ஒருவன் விலக வேண்டியதில்லை. அதைவிட, காலால் பந்தைத் துல்லியமாகக் கொடுக்கத் தெரிகிறதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். சொந்த அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்ததிலிருந்து, கீப்பரும் பந்து ஆடத் தெரிந்தவனாக இருக்க வேண்டியிருக்கிறது. கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த பையனுக்கு அது வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இஸ்ரேலில் சிலர் 286 பெனால்டிகளை எடுத்து ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு முறை கீப்பர்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்ந்திருக்கிறார்கள். நடுவிலேயே நின்றிருந்தால் இன்னும் நிறைய தடுத்திருக்கலாமாம். சும்மா நின்று கோல் வாங்கினால் திட்டுவார்களே, அதனால் பாய்ந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்போது அதுதான் நடக்கிறது. அப்பா சவுதிப் பக்கம் பாய்கிறார், தம்பி எதுவுமே வேண்டாம் என்று பாய்கிறான்.

டினோ சோஃப் இத்தாலிக்காக உலகக் கோப்பையை வென்றது 40 வயதில். எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹடாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் நின்று ஒரு பெனால்டியைத் தடுத்தார். இந்த வேலையில் 19 என்பது பால் பல் வயது. ஆகவே இன்னும் இரண்டு வருடம், 21 முடியும் வரை பாருங்கள் என்கிறேன். ஆனால் சும்மா பார்க்கக் கூடாது.

அடுத்த சீசனும் இதே அணியில் இரண்டாவது கீப்பர்தான் என்று பயிற்சியாளர் சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். கீழ் டிவிஷனாக இருந்தாலும் சரி, வாரா வாரம் ஆடக் கிடைக்கிற அணிக்குப் போகட்டும். இந்த வயதில் கீப்பருக்கு அனுபவம் வருவது கோல் வாங்கித்தான். கூடவே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பட்டப் படிப்பில் சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் ஆட்டமும் சான்றிதழும் சேர்ந்து வரும், பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். கீப்பர் பயிற்சியாளருக்கென்றே ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தனிச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு என்பதையும் அவன் காதில் போட்டு வையுங்கள். வெளிநாட்டு டிரையல் என்று யாராவது பணம் கேட்டு வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செலவைக் குறைக்க ஒன்று சொல்கிறேன். கீப்பர் கிளவுஸில் உள்ளங்கை லேடெக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். நல்ல ஜோடியை ஆட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பழைய ஜோடியைப் பயிற்சிக்குப் போடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும். நம் பையன்கள் வெயிலில் கொடியில் போட்டு அப்பளமாக்கிவிடுகிறார்கள். போடுவதற்கு முன் கிளவுஸின் உள்ளங்கைப் பக்கத்தைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் பிடிமானம் கூடும். மழை கிராஸுக்கும் இது உதவும், ஆனால் இதை இப்போது அவனிடம் சொல்லாதீர்கள், ஒரு மாதம் போகட்டும்.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். மகன் கடலில் கஷ்டப்படட்டும் என்று அவர் சொல்லவில்லை. கைக்கு ஒரு சம்பளம் வரட்டும் என்கிறார். இரண்டு வருடக் கணக்கைக் காகிதத்தில் எழுதி அவர் முன்னால் வையுங்கள், எந்த மாதம் வரை எவ்வளவு என்று.

அந்தக் காகிதத்தில் இன்னொரு வரியும் வர வேண்டும். பதினைந்து வரிக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, அதையும் "அது பரவாயில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அது பரவாயில்லையாகத் தெரியவில்லை. தம்பி காத்திருப்பது அவன் தொழில், அதற்கு நீங்கள் ஏன் பெஞ்சில் உட்கார வேண்டும்? சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் நீங்கள் அனுப்புங்கள். கிளவுஸ், பூட்ஸ் செலவை இனி அவனே பார்க்கட்டும். காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடும் பள்ளிகள் சென்னையில் நிறைய உண்டு, பேசாமல் அறையில் முடங்கிக் கிடப்பவனுக்கு அது மருந்தாகவும் இருக்கும். மிச்சமாகும் பணம் உங்கள் படிப்புக்கு. எம்.எஸ்சி. நர்சிங்குக்கு இந்த வருடம் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்று இன்றைக்கே விசாரியுங்கள். தம்பிக்கு அடுத்த போன் அதற்கப்புறம் போடலாம்.