வாக்குத்தத்த அட்டையில் வராத வசனம்

கேள்வி: எனக்கு ஊர் பாப்பாரப்பட்டி. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடிப்பதென்று ஜனவரியில் ஆரம்பித்து மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் வரும் தினவசனத்தோடு சரி. புத்தாண்டு ஆராதனையில் வருஷத்துக்கான வாக்குறுதி வசனம் அச்சடித்துத் தரும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11; நான் உங்கள்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஆவிக்குரிய வளர்ச்சி எதுவும் தெரியவில்லை, ஐயா. எப்படி வாசிப்பது?

பதில்: தம்பி, லேவியராகமத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். அதை அப்புறம் பார்ப்போம். கையில் இருக்கும் வசனத்திலிருந்தே தொடங்குங்கள்.

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் நாட்டுக்குச் சிறைபிடித்துப்போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். யாருக்குத்தான் பிடிக்காது? எரேமியா சொல்வதோ 70 வருஷம். அப்படியென்றால் கடிதம் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கின்றன 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் உங்கள் 11-ஆம் வசனம் வருகிறது.

ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி, லீவு கிடைத்ததும் ஊருக்குப் பஸ் ஏறுகிற உங்களுக்கு 11-ஐவிட 7-தான் கிட்டத்தில் இருக்கிறது என்பேன். ரூமில் கூட இருப்பவருக்காக, சூப்பர்வைசருக்காக, அந்த ஊருக்காக எப்போதாவது ஜெபித்ததுண்டா? வாக்குத்தத்தம் எடுப்பது தப்பில்லை. ஆனால் வேதவாக்கியம் எதற்கெல்லாம் உதவும் என்று பவுல் 2 தீமோத்தேயு 3:16-இல் சொல்லும்போது உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியில் பழக்குதல் என்று நான்கைச் சொல்கிறார். கடிந்துகொள்ளும் வசனத்தை எந்தச் சபையிலும் அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை!

சரி, வாசிக்கும் முறைக்கு வருவோம். வருஷத் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள்; மொத்தமே 16 அதிகாரம்தான். நாளுக்குப் பாதி அதிகாரம் போதும். வாய்விட்டு வாசியுங்கள். இங்கே இயேசு என்ன செய்கிறார், அது யாருக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கு நான் செய்யவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஒரு வரி எழுதிவையுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் அதிகாலைதான் என்ற வைராக்கியம் வேண்டாம். தூங்கி எழுந்து வாசித்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தனியாகவே வாசித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசிக்கிறார். பிலிப்பு ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளங்குகிறது. வீட்டு ஜெபக்கூட்டமோ, கத்தோலிக்கர் என்றால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியமோ, புரியாததைக் கூச்சப்படாமல் கேட்க ஓர் இடம் வேண்டும். போதகரிடம் கேட்டால் இன்னும் நல்லது.

இனி லேவியராகமம். மாற்கு முடிந்ததும் நேராக 19-ஆம் அதிகாரத்தில் நுழையுங்கள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, உன்னைப்போல் பிறனையும் நேசி என்று எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ராகி அறுக்க ஆள் வைக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் கூலியைப் பற்றிய அந்த 13-ஆம் வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.