கட்டாய ராணுவச் சேவைக்கு வரும் இளைஞரால் காட்டுப் போரில் ஒரு பிளட்டூனை நடத்த முடியுமா?

முடியும். அந்த வேலையில் காடுதான் எளிதான பகுதி.

நம் நாட்டில் கட்டாயச் சேவை கிடையாது. நானும் விரும்பிச் சேர்ந்தவன்தான். ஆனால் நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் இருந்தவன். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் ஓராண்டுக்கும் குறைவான பயிற்சி, ஐந்தாண்டுக் குறுகிய காலப் பணி, 22 வயதில் முப்பது பேர் அளவிலான ஒரு பிளட்டூன். 1988ஆம் ஆண்டு, இந்திய அமைதி காக்கும் படையில், இலங்கையின் வன்னிக் காட்டில். மலேயாவில் 1948 முதல் 1960 வரை நடந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது பிரிட்டன் அனுப்பிய இரண்டாம் லெப்டினன்ட்களில் பலர் கட்டாயச் சேவைக்கு வந்த 19, 20 வயதுப் பையன்கள். அவர்களும் சமாளித்தார்கள்.

முல்லைத்தீவுக்குத் தெற்கே அலம்பில், நித்திகைக்குளம் பக்கம் இருப்பது சினிமாவில் காட்டும் மழைக்காடு அல்ல. வறண்ட காடு. மேலே பாலையும் முதிரையும் வீரையும், கீழே முழுக்க முள். சில இடங்களில் பத்தடிக்கு அப்பால் ஆள் நிற்பது தெரியாது. எங்கள் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி ஏறக்குறைய நான்கடி நீளம். ஒவ்வொரு கொடியிலும் மாட்டிக்கொள்ளும். எதிரே இருந்தவர்களிடம் குட்டையான ஏகே-47. அவர்கள் மேகசினில் 30 தோட்டாக்கள், எங்களுடையதில் 20. இந்தக் கணக்கைப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

திசைகாட்டியும் காலடிக் கணக்கும்தான் வழி. ஒரு ஜவான் காலடி எண்ணிக்கொண்டே வருவார். நூறு காலடிக்கு ஒருமுறை கயிற்றில் முடிச்சுப் போடுவார். அவரிடம் யாரும் பேசக் கூடாது. போன வழியில் திரும்பி வரக் கூடாது, ஏனென்றால் அதற்குள் அங்கே கண்ணிவெடி புதைந்திருக்கும். ஒற்றையடிப் பாதை, மதகு, கிணற்றடி, நிழல் நல்ல மரத்தடி என்று மனிதன் இயல்பாகக் கால் வைக்கும் இடம் எல்லாமே சந்தேகத்துக்கு உரியது. தோளில் இருந்த நட்சத்திரங்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். புலிகள் முதலில் குறிபார்த்தது அதிகாரியையும் ரேடியோ சுமப்பவரையும்தான்.

சாப்பாடு பெரும்பாலும் பூரியும் சக்கர்பாரா என்ற இனிப்புப் பலகாரமும். குளத்துத் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டு, அரை மணி பொறுத்துக் குடிக்க வேண்டும். ஜவான்களை அந்த அரை மணி நேரம் காக்க வைப்பதுதான் அதிகாரிக்குப் பெரிய வேலை. இரவில் நெருப்பு இல்லை, பீடி இல்லை, இருமல்கூட இல்லை. உண்ணிக்கடி மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

எங்களுடையது வட இந்தியப் படைப்பிரிவு. என் சுபேதார் ராஜஸ்தான்காரர், மணலில் வளர்ந்தவர். இவ்வளவு மரத்தை ஒன்றாகப் பார்த்ததே இல்லை என்பார். ஆனால் இரவுத் தங்கலில் பாதிப் பேர் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும், மறு பாதி பூட்ஸோடு காவல் இருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தவர் அவர்தான். "சாப், நீங்கள் வரைபடத்தைப் பாருங்கள். கால்களை நான் பார்க்கிறேன்" என்றார். நல்ல சுபேதார் அமைந்தால் எந்தப் புதிய அதிகாரியும் ஆறு மாதத்தில் காட்டுக்குப் பழகிவிடுவான். அமையாவிட்டால் அந்த ஆறு மாதத்தை அவன் தாண்டுவானா என்பதே சந்தேகம்.

கடினமான பகுதி காட்டை விட்டு வெளியே வந்ததும் தொடங்கும். 1986 மே மாதம் மதுரையில் நடந்த டெசோ (தமிழீழ ஆதரவாளர் அமைப்பு) மாநாட்டுக் கூட்டத்தில் நானும் கல்லூரி மாணவனாக நின்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். இரண்டே ஆண்டுகளில் வன்னிக் கிராமம் ஒன்றைச் சுற்றிவளைத்துச் சோதனை போடும் படையில், தமிழ் தெரிந்த ஒரே அதிகாரி நான். மற்ற அதிகாரிகளின் காதில் வெறும் அழுகையாக விழுந்தது என் காதில் வாக்கியம் வாக்கியமாக விழுந்தது. தமிழ் பேசினால் மக்கள் மனம் திறப்பார்கள் என்று மேலிடம் நினைத்தது. நடந்தது தலைகீழ். நான் வாயைத் திறந்ததும் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆள்காட்டும் முகமூடி போட்ட தலையாட்டி ஒருவர் முன்னால் ஊர் இளைஞர்களை வரிசையில் நடத்தினோம். அவர் தலையசைத்தால் அந்தப் பையன் தனியே உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த ஒருவனின் தாய் என்னிடம் வந்தார். "தம்பிக்கு எந்த ஊர்?" மதுரைப் பக்கம் என்றேன். "மீனாட்சி அம்மன் ஊரிலிருந்து இதற்காகவா வந்தீர்கள்?" அவர் என்ன சொல்கிறார் என்று கம்பெனி கமாண்டர் கேட்டார். மகன் படிக்கிற பையன் என்கிறார், சார் என்று மட்டும் சொன்னேன். பையனை மாலையில் விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு வந்தால் இங்கே வேறு விசாரணை. "நம் ஆட்களையேவா சுட்டாய்?" என்று என் தாய்மாமா சாப்பாட்டு இலையின் முன்னால் வைத்தே கேட்டார். 1990 மார்ச்சில் படை முழுமையாகத் திரும்பியபோது மாநில முதல்வரே வரவேற்கப் போகவில்லை. மாமாவை மட்டும் குறை சொல்லி என்ன? அங்கே இறந்த இந்திய வீரர்கள் ஏறக்குறைய 1,200 பேர்.

இவ்வளவுக்கும் நான் கட்டாயத்தில் போனவன் அல்ல. கட்டாயத்தில் வந்தவர்களை அங்கேயே பார்த்தேன். 1989இல், நாம் கிளம்பிய பிறகு வடகிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற வேண்டும் என்று தமிழ்த் தேசிய இராணுவம் என்ற ஒன்றைத் திரட்டினார்கள். ஆயுதமும் பயிற்சியும் நம் தரப்பு. ஆள் சேர்த்த விதம்? டியூஷனுக்குப் போன பையனையும் சைக்கிளில் போன பையனையும் தெருவிலேயே மறித்து ஏற்றிக்கொண்டு வருவது. துப்பாக்கியைப் பிரித்துப் பூட்ட ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். மூளையில் குறையே இல்லை. இரவுக் காவலுக்கு நிறுத்தினால், விடியும்போது சில இடங்களில் துப்பாக்கி மட்டும் இருக்கும். வேலிக்கு வெளியே தாய்மார்கள் நாள் முழுக்க நிற்பார்கள். படை ஒவ்வோர் இடமாக விலக, அந்த முகாம்கள் புலிகளிடம் விழுந்தன. சரணடைந்தவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. எனக்கு ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்பி வேலை தேட வழி இருந்தது.

எனவே கட்டாயச் சேவைக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் என் ஓட்டு கிடைக்காது. அக்னிபத் பற்றித் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். அதில் எனக்கு வேறு சண்டை இருக்கிறது.