சின்ன ஹோட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் சண்டை போடுவீர்களா, பேசாமல் காசு கொடுத்துவிட்டு வருவீர்களா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், சமீபத்தில்தான் எங்கேயோ ஏமாந்து, வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ராத்திரி படுத்த பிறகு "இப்படிக் கேட்டிருக்கலாமே" என்று புரண்டிருப்பீர்கள். நான் சண்டை போட்டவன். எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எனக்கு வலங்கைமான் பக்கம் கிராமம். ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் அம்மாவுக்குக் கும்பகோணத்தில் கண்புரை ஆபரேஷன் ஆகி, ஒரு மாதம் கழித்து செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, மறுபடி விட்டு, டாக்டர் பார்த்து முடிக்கும்போது மணி பதினொன்று. அந்த மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கல்தான், வெளிச்சம் வேறு கூசும். கறுப்புக் கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். காலை ஆறு மணிக்குக் குடித்த காபி மட்டும்தான் வயிற்றில்.

வழியில் ஒரு சைவ ஹோட்டல். பெயர் வேண்டாம். வாசலில் கரும்பலகையில் "இன்று ஸ்பெஷல்: இட்லி கடப்பா" என்று சாக்பீசில் எழுதியிருந்தது. நான் சத்தமாகப் படித்தேன். "இங்கயே சாப்ட்ருவோம்" என்றார்கள் அம்மா. ஹோட்டல் என்றாலே "வீட்ல போய்ப் பாத்துக்கலாம்" என்கிற ஆள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது தரைக்குப் போடுகிற கடப்பாக் கல் இல்லை. எங்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் இட்லிக்கும் தோசைக்கும் ஊற்றிக்கொள்வது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்தும் மசிக்காமலும் போட்டு, தேங்காய், சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, இறக்கினதும் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். குருமா மாதிரி சிவப்பாக இருக்காது. பருப்புதான் அதற்கு உடம்பு. எங்கள் வீட்டில் அம்மா நாற்பது வருஷமாக வைக்கிறார்கள்.

கீழே இடமில்லை என்று ஏசி ஹாலுக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கு இட்லி கடப்பா, எனக்கு ரவா தோசை. அம்மாவுக்கு இலை சரியாகத் தெரியவில்லை. விரலால் தடவி இட்லியைப் பிட்டு, தோய்த்து, வாயில் வைத்தார்கள். அடுத்த வாய்க்குப் போகவில்லை. விரல் நுனி இரண்டையும் ஒட்டி ஒட்டிப் பிரித்துப் பார்த்தார்கள்.

"ஏம்பா, இதுல பருப்பே இல்ல. பொட்டுக்கடலை மாவக் கரைச்சு ஊத்திருக்கான். பசையா ஒட்டுது பாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேசாம சாப்பிடும்மா, மாத்திரை போடணும்ல."

பரிமாறிய பையனிடமும் அம்மாவே கேட்டார்கள். அவன் பீகாரோ ஒடிசாவோ, "கடப்பா பாட்டி, கடப்பா" என்று சிரித்தான். சூப்பர்வைசர் வந்தார். "எல்லாரும் இதத்தாங்க சாப்பிட்டுப் போறாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கேட்டது அம்மா, பதில் எனக்கு. நானும் தலையை ஆட்டிவைத்தேன். அம்மா ஒரு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டு முடித்தார்கள்.

பில் வந்தது. இட்லி கடப்பா 75, ரவா தோசை 110, காபி இரண்டு 80. மொத்தம் 265. அதற்குக் கீழே 2.5 சதவீதம் ஒரு வரி, 2.5 சதவீதம் இன்னொரு வரி, ஆக 13 ரூபாய் 25 பைசா. மேலே ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் காணோம். அவ்வளவுதான், எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை எழுந்துவிட்டான்.

கல்லாவில் கேட்டேன். "இதோ நம்பர் இருக்கே சார்" என்று பில்லின் அடியில் விரலை வைத்தார். எண்ணிப் பார்த்தேன். 14 இலக்கம். அது உணவுப் பாதுகாப்பு உரிம எண், 2022 ஜனவரியிலிருந்து பில்லில் போட்டாக வேண்டியது. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33-ல் ஆரம்பிக்கும். பதிவே செய்யாத கடை வரி வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில், இருக்கிற கடையும் கூடாது, அவர்கள் விற்பனையில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், வரி வசூலிக்கத் தகுதியில்லை என்று பில்லிலேயே போட வேண்டும். இதையெல்லாம் நின்று விளக்கினேன். "ஏசி ஹால் சார், அதான் டேக்ஸ்" என்றார். ஏசி இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் ஒரு வரி என்பது 2017 நவம்பரோடு போய்விட்டது என்று அதற்கும் ஒரு பாடம் நடத்தினேன். பின்னால் ஐந்தாறு பேர் பில்லோடு நிற்கிறார்கள். கடைசியில் அவர் பேனாவால் அடித்து 265 என்று எழுதிக் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டுத் திரும்பினால், அம்மா தூணைப் பிடித்தபடி நிற்கிறார்கள். இன்னொரு கையை அந்தப் பையன் பிடித்துக்கொண்டிருந்தான். அவன்தான் படி இறக்கியும் விட்டான்.

"13 ரூபாய்க்கா இவ்வளவு" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பில் போடுகிறார்கள் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். "சின்னக் கடைக்காரர்கள் வயிற்றில் அடிக்காதே" என்பவர்களுக்கு: ஏசி ஹாலில் தோசைக்குக் கூடுதல் விலை வைப்பது அவர்கள் இஷ்டம், நான் கேட்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குக் கூட எம்ஆர்பிக்கு மேல் ஹோட்டல்காரர்கள் காசு வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விலை வேறு, வரி வேறு.

பஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஸ்டாப்பில் நாலைந்து பெண்களும் நானும். டவுன் பஸ் வந்தது. நிற்பது பூராவும் இலவச டிக்கெட் என்று டிரைவருக்குத் தெரிந்துவிட்டால், வண்டி ஸ்டாப்பைத் தாண்டி ஐம்பதடி தள்ளித்தான் நிற்கும். கண் தெரியாத கிழவி ஓட முடியுமா? 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்கிற திட்டம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பஸ் செலவு இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினோம். டிக்கெட் எடுக்கிற ஆம்பளை நான் ஒருத்தன் பக்கத்தில் நின்றும் இந்த நிலைமை.

உட்கார்ந்த பிறகு அம்மா சொன்னார்கள்: "பதிமூணு ரூவாய்க்கு அவ்வளவு நேரம் நின்னு பேசினியே..." அதற்கு மேல் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு அத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியப் பேசினேன். அம்மாவுக்குத் தெரிந்த விஷயத்துக்கு "பேசாம சாப்பிடு" என்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரியில் ஏமாற்றினால் சண்டையே வேண்டாம், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பில்லில் எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் அடித்துப் பாருங்கள், சாதாரணப் பதிவா காம்போசிஷனா என்று காட்டும். கடப்பாவில் பருப்பு இல்லை என்பதற்கு எந்த எண்ணும் கிடையாது. அங்கேயே, அந்த இலையைக் காட்டி, உடனே சொல்ல வேண்டும். கூட வந்தவர்கள் சொன்னால் நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.

அந்த ஹோட்டலுக்கு இப்போதும் போகிறேன், மறைப்பானேன். காபி மட்டும். காபி நன்றாகத்தான் போடுகிறார்கள்.